ஃப்ளைவீலைத் தேய்ப்பதா, மாற்றுவதா: அம்பத்தூரில் ஒரு கிரைண்டிங் பட்டறையின் சேவை

என்ஜினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்யும்போது கிளட்ச் பாகங்களைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது; அதற்குள் போரிங், பிஸ்டன், பேரிங் என்று கையிலிருந்த பணம் பெரும்பாலும் கரைந்திருக்கும். அந்த நேரத்தில், கிராங்கோடு சுழலும், கிளட்ச் பிளேட் உரசும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் காட்டி, “இதை லேத்தில் ஒரு கட் எடுத்துப் போட்டுவிடலாம்” என்று மெக்கானிக் சொன்னால் பலரும் யோசிக்காமல் சரி என்றுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு கட் எந்த மெஷினில், எவ்வளவு ஆழத்துக்கு, எதையெல்லாம் அளந்து பார்த்த பிறகு எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே கிளட்ச் பிடிக்கும் விதம் அமைகிறது. எங்கள் பழைய மாருதி ஜென் காருக்காக, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் சிறிய பட்டறை ஒன்றில் இந்த வேலையைச் செய்துகொண்டோம். நான் அந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சில குறைகளும் உண்டு.

முதலில் பிடித்துப்போனது, மெஷினை ஓடவிடுவதற்கு முன் அவர்கள் காட்டிய நிதானம். பட்டறைக்காரர் ஃப்ளைவீலைப் பெட்ரோல் துணியால் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, கிளட்ச் பிளேட் உரசும் வளையத்தில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருந்த நீலக் கறையைக் காட்டினார். கத்திப்பாராவிலும் பாடி மேம்பாலத்திலும் ஹாஃப் கிளட்சில் நகர்ந்து நகர்ந்து ஓடிய வண்டிக்கு அது வியப்பில்லை. அந்தத் திட்டுகளைச் சுற்றி முடியிழை போன்ற வெடிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்தவர், “சார், இது வெளி ஓரத்துக்கோ போல்ட் ஓட்டைக்கோ ஓடியிருந்தா நான் கையே வைக்க மாட்டேன், புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவேன்” என்றார். சுழலும் வேகத்தில் ஃப்ளைவீல் பிளந்தால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டோடு நிற்காது; காலுக்கு அருகில் இருக்கும் பாகம் அது. கூலி போய்விடுமே என்று பார்க்காமல் வேலையை மறுக்கத் தயாராக இருப்பவரிடம்தான் இத்தகைய பாகத்தை நம்பிக் கொடுக்க முடியும்.

லேத்தா, கிரைண்டரா என்பதில் அவர்களுக்கு உறுதியான கருத்து இருக்கிறது, அது சரியான கருத்தும்கூட. வழுக்கும் கிளட்சின் வெப்பத்தில் வார்ப்பிரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி உடனே குளிரும்போது, அந்த இடம் மட்டும் மார்டென்சைட் என்னும் கடினமான அமைப்பாக மாறிவிடுகிறது. லேத்தின் வெட்டுளி அந்தக் கடினமான திட்டை எட்டியதும் முழுமையாக வெட்டாமல் அதன்மேல் ஏறி இறங்கிவிடுவதால், பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் முகத்தில் நுண்ணிய மேடுகள் தங்கிவிடுகின்றன. வண்டி கிளம்பும்போது உடல் முழுக்க வரும் நடுக்கத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம். சுழலும் கல்லால் தேய்க்கும்போது மென்மையான இடமும் கடினமான இடமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. கல் விட்டுச் செல்லும் குறுக்கு நெடுக்கான மெல்லிய கீறல்கள் புதிய பிளேட் படிந்து பழகவும் உதவுகின்றன. எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவே எடுத்து, நேர்ச் சட்டமான ஸ்டிரெய்ட் எட்ஜும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துச் சமதளத்தை எனக்கே காட்டினார்கள். இரண்டு முகங்கள் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும் படி வைத்த ஃப்ளைவீலாக இருந்தால், பிளேட் உரசும் முகத்தில் எடுத்த அதே அளவை, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பூட்டும் முகத்திலும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் மாறிவிடும் என்பதையும் கேட்காமலே சொன்னார்கள்.

பிரஷர் பிளேட்டையும் தேய்த்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். டயஃப்ரம் ஸ்பிரிங் என்னும் தட்டு வடிவ ஸ்பிரிங் வைத்து ரிவெட் அடித்த கவரில் தட்டின் கனத்தைக் குறைத்தால், ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி தேய்ந்த கிளட்சில் நிற்கும் நிலையிலிருந்தே வேலையைத் தொடங்கும். அந்த ஸ்பிரிங்கின் விரல் போன்ற பகுதிகளின் நுனியில், கிளட்சை மிதிக்கும்போது அழுத்தும் ரிலீஸ் பேரிங் அரித்த பள்ளமும் அப்படியே இருக்கும். எங்கள் கிளட்ச் பிளேட்டில் லைனிங்கின் மேற்பரப்புக்கும் ரிவெட் தலைக்கும் இடையே 0.5 மி.மீ. ஆழம்கூட மிஞ்சவில்லை. புதிய லைனிங் மட்டும் ஒட்டி வாங்கினால் மலிவுதான், ஆனால் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகளும், கியர்பாக்ஸ் தண்டில் பொருந்தும் ஸ்பிளைன் பற்களும் பழையவையாகவே இருக்கும் என்பதால் கிளட்ச் செட்டைப் புதிதாகவே வாங்கினோம். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஃப்ளைவீல் கிடைக்கும். அதன் முன்கதை தெரியாது, அதையும் தேய்த்துத்தான் பூட்ட வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம், ஃப்ளைவீலின் பின்பக்கம் இருந்த ஆயில் படிவைப் பார்த்து, கிராங்கின் பின் ஆயில் சீலை மாற்றச் சொன்னார்கள். ஆயில் பட்ட பிளேட் எவ்வளவு நல்ல முகத்தில் உரசினாலும் நடுங்கத்தான் செய்யும். என்ஜின் வெளியில் இருக்கும்போது அந்த சீல் சில நிமிட வேலை.

குறை என்றால், சொன்ன நாளில் வேலை முடியவில்லை, போன் செய்தாலும் தெளிவான பதில் வரவில்லை. எவ்வளவு கனம் எடுத்தார்கள் என்பதை ரசீதில் எழுதித் தரும் வழக்கமும் இல்லை. அடுத்த முறை தேய்க்கலாமா என்று முடிவுசெய்ய அந்த எண் தேவை என்பதால் நான் வற்புறுத்தி எழுதி வாங்கினேன். சுழலும்போது எடை ஒருபக்கம் சாயாமல் சரிசெய்யும் பேலன்சிங் வசதி அங்கே கிடையாது. இரண்டு பாகங்களை ஸ்பிரிங்கால் இணைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் வண்டிகளின் வேலையை அவர்கள் எடுப்பதில்லை. அந்த வகையைத் தேய்க்காமல் மாற்றுவதே முறை என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கராஜில் கிராங்கில் பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். சுழலும்போது முகம் முன்பின் ஆடும் அளவான ஓட்ட விலகலுக்குக் கையேடு அனுமதிப்பது 0.2 மி.மீ.; முள் அதை நெருங்கவே இல்லை. முன்பு மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது டாஷ்போர்டு வரை அதிர்ந்த வண்டி இப்போது அமைதியாக நகர்கிறது. அங்கே செல்பவர்கள் ஃப்ளைவீலோடு பழைய பிரஷர் பிளேட்டையும் கிளட்ச் பிளேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றிலும் உள்ள தேய்மானத்தை ஒன்றாகப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு சொல்கிறார்கள். பாகத்தைத் திரும்ப வாங்கியதும், கல்தூளும் எண்ணெய்ப் பசையும் போகும்வரை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.