முழுகாமல் இருக்கும்போது வலி: பாராசிட்டமாலா, புரூஃபனா, கடை செட்டா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைப் பல வருஷம் குடித்த பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போய் ஓயாத வலி. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்தாலும் எலும்பில் ஏறியது அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? அதனால் பல வீடுகளில் மாமியாருக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை அலமாரியிலேயே இருக்கும். மருமகள் முழுகாமல் இருந்து இடுப்பு வலி என்றால் கை முதலில் அங்கேதான் போகிறது.

அந்த மாத்திரையால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? ஆண் சிசுவுக்கு 8 முதல் 14 வாரத்துக்குள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. பெண் சிசுவுக்கோ, ஆயுளுக்கும் வேண்டிய கருமுட்டைகள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. வலி மாத்திரை, உடலில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்து வலியை அடக்குகிறது. இந்த வளர்ச்சிக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும்.

முதலில் பாராசிட்டமால். எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் கருவின் விந்தகத் திசுவை எலிகளில் பொருத்தி மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் கொடுத்தபோது மாற்றமில்லை. தினம் மூன்று வேளையாக ஏழு நாள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 45 சதவீதம் குறைந்தது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மனதில் வைக்க வேண்டியது இந்த ஒரு நாள், ஏழு நாள் வித்தியாசத்தைத்தான். காய்ச்சலுக்கு இரண்டு வேளை போட்டவர் பயப்பட ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதத்தில் கடும் காய்ச்சலை மாத்திரை போடாமல் தாங்கிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

புரூஃபன், அதாவது ஐபுபுரூஃபன், இதைவிட ஒரு படி மோசம். 2018-ல் அதே எடின்பரோவில் கருவின் சூலகத் திசுவை ஒரு வாரம் மருந்தில் வைத்துப் பார்த்தபோது, முட்டையாக வேண்டிய செல்கள் பாராசிட்டமாலில் 40 சதவீதத்துக்கு மேலும், ஐபுபுரூஃபனில் ஏறக்குறைய பாதியும் குறைந்திருந்தன. சோதனைக்கூடத் திசுவில் கண்டது பிறக்கும் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, அது சரி. ஆனால் புரூஃபன், டைக்ளோ வகைக்கு வேறு குற்றப்பத்திரிகையும் உண்டு. 20 வாரத்துக்குப் பிறகு போட்டால் சிசுவின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் குறையலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதத்தில் சிசுவின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

இந்த வரிசையில் கடைசி இடம் கடைக்காரர் பிரித்து, கவரில் போட்டுத் தரும் "ஒரு செட்" மாத்திரைக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, அப்புறம் கேட்கும் டாக்டருக்கும் தெரியாது. பெரும்பாலும் டைக்ளோவோ அதே வகையான அசிக்ளோஃபெனாக்கோ பாராசிட்டமாலோடு சேர்ந்திருக்கும். டென்மார்க்கில் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இரண்டு வாரத்துக்கு மேல் வலி மாத்திரை போட்டவர்களின் ஆண் குழந்தைகளுக்கு விந்தகம் விதைப்பைக்குள் இறங்காத குறை கூடுதலாகத் தெரிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வலி மருந்தைச் சேர்த்துப் போட்டவர்களிடம் அது இன்னும் கூடுதல். அதே ஆய்வில் சேர்ந்த பின்லாந்துத் தாய்மார்களிடம் அப்படித் தெரியவில்லை, எனவே இதை முடிந்த தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனாலும் பெயர் தெரியாத செட்டை மறுக்க இதுவே எனக்குப் போதும்.

தைலம், வெந்நீர் ஒத்தடம், ஒருக்களித்துப் படுப்பது: இடுப்பு வலிக்கு முதலில் இவைதான். டைக்ளோ கலந்த ஜெல்லை மட்டும் தைலக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொஞ்சமாவது தோல் வழியே ரத்தத்துக்குப் போகும்.

ஆகவே என் ஓட்டு பாராசிட்டமாலுக்கு. தனி மாத்திரையாக, வலிக்கும் நேரத்துக்கு மட்டும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் அடுத்த அட்டை வாங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் தனி. ரத்தக் கொதிப்பு வரக்கூடும் என்று டாக்டர் எழுதித் தரும் சிறிய அளவு ஆஸ்பிரின் வலிக்காகத் தருவதல்ல. இதைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.