வேகமான ஏடிசி போர்ட் என்று சொல்லி 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், பார்த்து வாங்குங்கள்

போன வெள்ளிக்கிழமை அந்த ஏடிசி போர்ட் (சென்சர் தருகிற மின்னழுத்தத்தைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றுவது) கொரியரில் வந்தது. இன்றைக்குச் செவ்வாய். 38,500 ரூபாய் இனி வராது என்று தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முகநூலில் பக்கம் வைத்து இலத்திரனியல் சாமான் விற்கிற கொழும்புப் பக்கத்து ஒன்லைன் கடை, அவ்வளவுதான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்து பெக்டரிகளுக்குச் சென்சர் வேலை செய்து கொடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விபரமாகத் தருகிறேன்.

தேவை இதுதான். தேயிலைக் கொழுந்து வாட்டும் இடத்து ஃபேன் நான்கு. ராத்திரி முழுக்க ஓடுகிறவை. பெயாரிங் போவதற்கு முன்பே அதிர்வை வைத்துப் பிடித்துவிட வேண்டும். மோட்டர் நிமிடத்துக்கு 1450 சுற்று, அதாவது செக்கனுக்கு 24 சொச்சம். 9 குண்டு உள்ள பெயாரிங்கில் வெளி வளையம் பழுதானால் அந்தத் தட்டல் சுமார் 87 ஹேர்ட்ஸில் வரும், உள் வளையம் என்றால் 130க்குக் கிட்ட. ஆரம்பப் பழுது இவற்றின் மடங்குகளில்தான் முதலில் தலைகாட்டும், ஆகவே 1000 ஹேர்ட்ஸ் வரையாவது பார்க்க வேண்டும். பார்க்கிற அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அது சரியாகத் தெரியும், அதற்கு ஒவ்வொரு ஃபேனுக்கும் செக்கனுக்கு 2500 அளவீடாவது வேண்டும். இதை வாசிக்க நான் வைத்திருக்கிற ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்கு, சென்சரின் மின்னழுத்தத்தை நேராக வாசிக்கிற அனலொக் வாசலே கிடையாது. அதனால் வெளியில் ஏடிசி.

விளம்பரம்: "16 பிட், 4 சனல், சனலுக்கு 5000 சாம்பிள், எஸ்பிஐ, சொஃப்ட்வேரோடு". சாம்பிள் என்றால் செக்கனுக்கு எடுக்கும் அளவீடு, எஸ்பிஐ என்றால் சிப்பும் கணினியும் பேசிக்கொள்ளும் ஒரு வேகமான கம்பி முறை. கூடவே நான்கு அதிர்வு சென்சர். விலை 38,500. கூடுதல் என்று தெரியும், ஆனால் நேரம் மிச்சமாகுமே. போன் எடுத்து, நாலு சனலும் ஒன்றாக ஓடும்போதும் 5000தானா என்று கேட்டேன். "ஓம் அண்ணா, நாங்க டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறம், நம்பி எடுங்க" என்றார். சொன்னதோடு விடவில்லை, ஒரு செக்கன் பதிவு செய்த கோப்பையும் அனுப்பினார். திறந்து எத்தனை வரி என்று எண்ணினேன். சரியாக 5000. அலை வழுவழுவென்று அழகாக இருந்தது. அன்றைக்கே வங்கியில் பணத்தைப் போட்டேன்.

வரியை எண்ணினேனே ஒழிய, வரிக்குள் இருந்ததைப் பார்க்கவில்லை. முட்டாள்தனம்.

பெட்டியைத் திறந்ததும் முதல் சந்தேகம் கம்பியில். எஸ்பிஐ என்றால் கரண்ட், கிரவுண்ட், கிளொக், டேட்டா போக ஒன்று, வர ஒன்று, சிப் செலக்ட் என்று ஆறு கம்பி வேண்டும். வந்த போர்டில் நான்குதான். எஸ்டிஏ, எஸ்சிஎல் என்றே அச்சடித்திருக்கிறது. அது ஐ2சி, எஸ்பிஐயைவிட மெதுவான இன்னொரு கம்பி முறை. சிப்பின் மேலிருந்த எழுத்தை உரசி எடுத்திருந்தார்கள்.

ராஸ்பெரி பையில் மாட்டி ஐ2சி முகவரிகளைத் தேடினால் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 48இல் பதில் வருகிறது. கரண்ட் கொடுத்தவுடன் கொன்ஃபிக் ரெஜிஸ்டரை (சிப்பின் அமைப்பு விபரம் இருக்கிற இடம்) வாசித்தால் ஹெக்ஸ் 8583. ஏடிஎஸ்1015, ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி சிப்கள் இரண்டும் இப்படித்தான் விழித்துக்கொள்ளும். இரண்டில் எது? 1015 என்பது 12 பிட், அதனால் அது தரும் 16 பிட் எண்ணில் கடைசி 4 பிட்டும் எப்போதும் பூச்சியமாக இருக்கும். இதில் அப்படி இல்லை. ஆகவே 1115. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 860. சனலுக்கு அல்ல, நான்கு சனலுக்கும் சேர்த்து 860! உள்ளே ஒரே ஒரு ஏடிசிதான், சனலை மாற்றி மாற்றித்தான் வாசிக்கும். மிக நன்றாக ஓடினால்கூட சனலுக்கு 215.

அப்படியானால் அந்த 5000 வரி எங்கிருந்து வந்தது? ஐ2சி பஸ்ஸை 400 கிலோஹேர்ட்ஸில் வைத்தால் விடை ரெஜிஸ்டரை ஒரு தடவை வாசிக்க 100 மைக்ரோசெக்கன்கூடத் தேவையில்லை. சிப் அடுத்த அளவீட்டை முடித்ததா இல்லையா என்று பார்க்காமல், அதே ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்ப வாசித்து வரிகளை நிரப்பியிருக்கிறார்கள். கோப்பில் ஒரே எண் ஐந்து தடவை, அடுத்த எண் ஆறு தடவை, அதற்கடுத்தது ஆறு தடவை. 5000ஐ 860ஆல் பிரித்துப் பாருங்கள், 5.8. படியாகத் தெரிய வேண்டிய கோட்டை வரைபடத்தில் மழுப்பி அலையாக்கிவிட்டார்கள்.

நான்கு சனலையும் ஓட்டினால் இதைவிட மோசம். முதலாம் சனலைக் கிரவுண்டிலும் இரண்டாம் சனலை 3.3 வோல்ட்டிலும் கொடுத்துப் பார்த்தேன். கிரவுண்டில் இருக்கிற சனலின் எண் வரிசையில் 3.3 வருகிறது! சனலை மாற்றச் சொல்லிவிட்டு, புது அளவீடு முடியும் வரை ஒரு மில்லிசெக்கனுக்கு மேல் காத்திராமல் உடனே வாசித்தால், பழைய சனலின் எண்தான் கையில் கிடைக்கும். ஒரு ஃபேனின் பழுது இன்னொரு ஃபேனின் கணக்கில் ஏறும். டீமேக்கரிடம் (பெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) போய் எந்த ஃபேனைக் கழற்றச் சொல்வது?

காத்திருந்து ஒழுங்காக வாசித்தாலும் இந்த வேலைக்கு உதவாது. செக்கனுக்கு 215 என்றால் அதில் பாதி, 107 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு கீழே வரும். 87இன் மூன்றாம் மடங்கு 261. அதில் 215 போக 46. மோட்டரின் சுற்று வேகத்தின் இரண்டு மடங்கு 48, மோட்டரையும் ஃபேனையும் இணைக்கிற கப்ளிங் கோணலானால் அதிர்வு தெரிகிற இடம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், போகப்போகிற பெயாரிங்கைப் பார்த்துவிட்டு கப்ளிங் கோணலாயிருக்கிறது என்று முடிவெடுத்து அதை நேராக்கிக்கொண்டிருப்போம்.

சென்சரிலும் ஏமாற்றுத்தான். ஏடிஎக்ஸ்எல்335 என்ற முடுக்கம் அளக்கிற சிப் போட்ட சாதாரண மொடியுல். சிப் எக்ஸ், வை திசைகளில் 1600 ஹேர்ட்ஸ் வரை தரும், இசட்டில் 550. ஆனால் மொடியுலில் ஒவ்வொரு வெளியீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். சிப்புக்குள் 32 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் 50 ஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டு. 261இல் வருவது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். சாய்வு பார்க்கிற வேலைக்கு அந்த மொடியுல் நல்லதுதான், அதிர்வுக்கு ஆகாது. கெப்பாசிட்டரைக் கழற்றி 0.0033 மைக்ரோஃபாரட் வைத்தால் எக்ஸ், வை திசைகளில் 1500 ஹேர்ட்ஸ் வரை போகும், இதை மட்டும் நாமே சரிசெய்துகொள்ளலாம்.

சனிக்கிழமை போன் எடுத்தேன். "உங்கட பை பழசு அண்ணா, அதான் ஸ்லோ" என்றார். அளவீட்டு வேகம் சிப்புக்குள் இருக்கிற ஓசிலேட்டரைப் பொறுத்தது. புதுப் பை மாட்டினால் அதே எண்ணை இன்னும் வேகமாகத் திருப்பி வாசிக்கலாம், வேறொன்றும் நடக்காது.

ஞாயிறு: "தோட்டத்துக் கரண்ட் சரியில்ல அண்ணா, நொய்ஸ் அடிக்குது." நொய்ஸ் அடித்தால் எண் ஆட வேண்டும். இங்கே 16 பிட் எண் ஆறு தடவை அசையாமல் நிற்கிறதே என்று கேட்டேன். "டெக்னிக்கல் ஆள் லீவுல, நாளைக்குக் கோல் எடுப்பார்" என்று வைத்துவிட்டார்.

திங்கள் யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். சொஃப்ட்வேர் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க ஏலாதாம். அந்த சொஃப்ட்வேரைத்தான் மேலே சொன்னேன். வேண்டுமென்றால் போர்டை அனுப்பச் சொல்கிறார்கள், "செக் பண்ணிப் பார்ப்போம்", கொரியர் காசு நம்முடையது. 38,500 போனது போதாதென்று அனுப்புகிற செலவும் நமக்கு. அவர்கள் பக்கத்தில் கருத்துப் போட்டேன், அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டார்கள். இன்று காலையிலிருந்து செய்தி நீல டிக் ஆகிறது, பதில் இல்லை.

இந்த வேலைக்கு என்னதான் வாங்கலாம் என்று கேட்பீர்கள். எம்சிபி3008 என்ற ஏடிசி சிப் ஒன்று: 10 பிட், 8 சனல், செக்கனுக்கு 2.7 வோல்ட்டில் 75,000, 5 வோல்ட்டில் 2 இலட்சம் என்று அதன் தாளிலேயே இருக்கிறது. ஆனால் பையில் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளம் நடுவில் புகுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடும், அதனால் அளவீடுகளுக்கு இடையே உள்ள நேரம் சீராக இராது. அதிர்வுக்கு அந்தச் சீர்தான் முக்கியம். அதைவிட ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்ட் ஒன்றை நடுவில் வையுங்கள்: 12 பிட், செக்கனுக்கு 5 இலட்சம், டிஎம்ஏ (தரவை நேரே நினைவகத்தில் போடுகிற வழி) வைத்து எடுத்தால் புரொசசர் குறுக்கே வராது, யுஎஸ்பியில் பைக்கு அனுப்பலாம். உண்மையில் 9 பிட்டுக்குக் கிட்டத்தான் நம்பலாம், வெளியே வந்திருக்கிற ஏடிசி பின்னும் மூன்றுதான், நான்காம் ஃபேனுக்கு இன்னொரு பிக்கோ வேண்டும். இதையெல்லாம் புறக்கோட்டையில் உதிரியாக வாங்கியிருந்தால் 38,500ஐவிட எவ்வளவோ குறைவாக முடிந்திருக்கும்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சிப் இலக்கம் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள், உரசியிருந்தால் விட்டுவிடுங்கள். எத்தனை கம்பி என்று கேளுங்கள். மாதிரிக் கோப்பு அனுப்பினால் அடுத்தடுத்து ஒரே எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு சனலும் ஓடுகிற கோப்புத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பணத்தை முன்கூட்டி வங்கியில் போடாதீர்கள், கையில் வந்த பிறகு கொடுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், நானும் நாளைக்கு எடுக்கப் போகிறேன். பற்றுச்சீட்டில் சிப் இலக்கத்தையும் வேகத்தையும் எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த துண்டில் "போர்ட் 1, ரூபா 38,500" என்று மட்டும்தான் இருக்கிறது.