ஜெர்மன் பல்கலைக்கழக மொழி வகுப்பு: சில செமஸ்டர்களுக்குப் பிறகு

அக்டோபரில் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்க வரும் தம்பி ஒருவன், "அண்ணா, யுனிவர்சிட்டி ஜெர்மன் வகுப்புல ஏ2 எடுக்கவா, பி1 எடுக்கவா?" என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். ஏ1 தொடக்கம், சி2 உச்சம்.

வகுப்பு அருமை. எங்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஆசிரியர்களும் பொறுமைசாலிகள், கட்டுரையைத் திருத்தித் தந்தால் ஒவ்வொரு பிழைக்கும் காரணம் எழுதியிருப்பார்கள். சிரியா, பிரேசில், சீனா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் ஜெர்மனில் பேசித்தான் ஆகவேண்டும்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம், யாரை எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் மீதுதான். பெரும்பாலும் அது சி-டெஸ்ட் வகை. ஒரு சின்னப் பத்தி கொடுப்பார்கள், அதில் ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதி இருக்காது, நாம் நிரப்ப வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் வைக்கும் ஆன்செட் தேர்வில் இப்படி 8 பத்திகள், பத்திக்கு 20 இடங்கள், 5 நிமிடம். கணினியே திருத்திவிடும். செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் குவியும் கூட்டத்தை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசிப் பார்க்க எந்த மொழி மையத்திலும் ஆள் கிடையாது. அதனால் இப்படி ஒரு தேர்வு வைப்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தேர்வில் யாரும் பேசுவதில்லை, எதையும் கேட்பதும் இல்லை. ஊரில் பரீட்சைக்காக வேற்றுமை விகுதிகளை உருப்போட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இடங்கள் மளமளவென்று நிரம்பிவிடும். எனக்கு பி1.2, அதாவது பி1 நிலையின் இரண்டாம் பாதி வந்தது. முதல் வகுப்பில் ஆசிரியர் ஒரு வானொலிப் பேட்டியை ஓடவிட்டார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள், எனக்கு ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் புரிந்தன. அதே செமஸ்டரில், உணவகத்தில் வேலை பார்த்தபடியே ஜெர்மனைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்ட ஒரு ஸ்பெயின் நண்பன், எழுத்துப்பிழைகளால் ஏ2 வகுப்பில் கடைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஏ1–சி2 நிலைகளை வகுத்து 2001-இல் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) வெளியிட்ட மொழித்தகுதிக் கட்டமைப்பிலேயே கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என ஐந்துக்கும் தனித்தனி நிலை பார்க்கும் அட்டவணை இருக்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கெதே நிறுவனத்தின் பி1 தேர்வைக்கூட நான்கு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே எழுதலாம். இதெல்லாம் மொழி மையத்துக்குத் தெரியாதா? இருந்தும் மாணவனுக்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து, "முடிவு வந்தாயிற்று, மாற்ற முடியாது" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த செமஸ்டர் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

என்னை மீட்டது டாண்டெம், அதாவது இருவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் மொழி பழகிக்கொள்வது. அதே மையம்தான் ஏற்பாடு செய்தது, இதற்குத் தேர்வும் கிடையாது. ஆங்கிலம் பேசிப் பழக விரும்பிய ஓர் இயற்பியல் மாணவரோடு சேர்த்துவிட்டார்கள். மென்சாவில் (பல்கலைக்கழக உணவகம்) சாப்பிட்டபடி பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் ஆங்கிலம். என் காது திறந்தது அந்த மேசையில்தான். இப்படி ஒன்று இருப்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சரி, தம்பிக்கு என் பதில். தேர்வில் பி1 வந்தாலும் ஏ2.2 கேள். முதல் வாரமே ஆசிரியரிடம் நேரில் போய், கேட்டால் புரியவில்லை என்று சொல். மாற்றும் அதிகாரம் பல இடங்களில் அவர்களிடம் இருக்கிறது, அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதே. அங்கேயும் முடியாது என்றால் அந்த செமஸ்டர் வகுப்பை விட்டுவிட்டு டாண்டெமில் மட்டும் சேர். இலவசம் என்பதற்காகப் புரியாத வகுப்பில் உட்காராதே.

நான் வரும் செமஸ்டருக்கு பி2.1 பதிவு செய்துவிட்டேன், அதே ஆசிரியரிடம்.