பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்குப் படிப்பு: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

பிள்ளைக்கு நீண்டகால நோய் என்று தெரிந்ததும் படிப்பைப் பற்றி எடுக்கும் முடிவு பெரும்பாலும் அவசர முடிவாகிவிடுகிறது. நோயின் பெயரைவிட, விடுப்பு எப்படி வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவார்கள். அன்றைய பாடம் மட்டும்தான் விட்டுப்போகும். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் முதல் ஆறு முதல் ஒன்பது மாதச் சிகிச்சை கடுமையானது. மொத்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடித்தாலும், பிற்பகுதியில் மாத்திரைகளே முதன்மை என்பதால் பலர் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ரோடிக் சின்ட்ரோம் போன்ற நோய்கள் எப்போது திரும்ப வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு ஒத்துவராது.

சிங்கப்பூரில் நான்கு வழிகள் உள்ளன: பள்ளிப் பதிவை வைத்துக்கொண்டே வீட்டிலிருந்து படிப்பது, அறநிறுவனங்களின் கற்றல் நிலையங்கள், தனி ஆசிரியர், சட்டப்படி விலக்கு வாங்கி வீட்டுக்கல்வி. முதல் வழியை அடித்தளமாக வைத்து, தேவைக்கேற்ப இரண்டாவதையோ மூன்றாவதையோ சேர்த்துக்கொள்வதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியாக வரும். நான்காவது வழியைக் கடைசியில் யோசித்தால் போதும்.

பள்ளிப் பதிவோடு வீட்டில்

பிள்ளையின் இடம் போகாது, வகுப்புத் தோழர்களும் கைவிட்டுப் போகமாட்டார்கள், திரும்பி வரவும் வழி திறந்தே இருக்கும். வேறு எந்த ஏற்பாட்டிலும் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை. பாடங்கள் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்ஸில் வரும். உயர்நிலை மாணவர்களிடம் பள்ளி வழியாக வாங்கிய மடிக்கணினியோ ஐபேடோ இருக்கும், வீட்டிலிருந்து கற்கும் நாள்களும் அவர்களுக்குப் பழக்கம். தொடக்கநிலை ஒன்று இரண்டில் திரையை நம்பிப் பயனில்லை. தாளில் அச்சிட்ட பயிற்சிகளை வாரத்துக்கு ஒருமுறை அக்காவோ அண்ணனோ பள்ளியிலிருந்து வாங்கி வருவதே நடைமுறையில் நிலைக்கிறது.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைகிறது. ஆறு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பயிற்சியைத் தளத்தில் ஏற்றுகிறார்கள், பிள்ளை மூன்று வாரம் வார்டில் இருக்கிறது. வீடு திரும்பித் தளத்தைத் திறந்தால் முடிக்காத பயிற்சிகள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். அதோடு பிள்ளை கணினியை மூடிவிடும். இதைத் தவிர்க்க, வகுப்பாசிரியரை ஒரே தொடர்பாளராக வைத்துக்கொண்டு, "இந்த வாரம் ஒவ்வொரு பாடத்திலும் கட்டாயம் செய்ய வேண்டியது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கணிதத்துக்கு முதலிடம் கொடுங்கள். பின்னம் புரியாமல் விகிதமும் விழுக்காடும் புரியாது. அறிவியலில் பல பகுதிகளைப் பின்னால் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் பள்ளிக்கென்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. எத்தனை மாதம் ஆகலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும், எந்தத் தொற்று வகுப்பில் வந்தால் உடனே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

அறநிறுவன நிலையங்கள்

2011இல் தொடங்கிய ஆர்க் சிறுவர் நிலையம் புற்றுநோயும் உயிருக்கு ஆபத்தான பிற நோய்களும் உள்ள பிள்ளைகளுக்கான பகல்நேர நிலையம். 1992இல் தொடங்கிய சிறுவர் புற்றுநோய் அறநிறுவனமும் கற்றல் ஆதரவு தருகிறது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்புத் தோழர்களுக்கு நோயைப் பற்றி விளக்கும் உதவியும் அங்கே கிடைக்கும். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட நோய்களுக்கு கிளப் ரெயின்போ இருக்கிறது. நேரே போய் நிற்பதைவிட மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்பது வேகமாக நடக்கும்.

வீட்டுப் படிப்பில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: முடி கொட்டிய மற்ற பிள்ளைகள். முகமூடி, கைகழுவல், காய்ச்சல் பார்ப்பது எல்லாம் அன்றாடப் பழக்கம் என்பதால் பிள்ளை தனித்துத் தெரியாது. ஆனால் பல வயதினர் சேர்ந்து படிக்கும் இடம் என்பதால், உங்கள் பள்ளியின் பாட வரிசையை அப்படியே பின்பற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பள்ளியின் தவணைத் திட்டத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தமிழ் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

தனி ஆசிரியர்

பிள்ளையின் உடல்நிலைக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. 45 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஸ்டீராய்டு மருந்து ஓடும் நாள்களில் பசியும் எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கும், அப்போது புதுப் பாடம் தொடங்கவே கூடாது. வீடு வீடாகப் போகும் ஆசிரியர் தொற்றையும் கொண்டு வரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வாரங்களில் ஸூமில் நடத்தச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் படிப்பை அப்படியே விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள் செலவு குறைவானவை. ஆனால் அவை குழு வகுப்புகள் என்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்த காலத்துக்குப் பொருந்தாது, குணமான பிறகு விட்டதைப் பிடிக்கப் பொருந்தும்.

விலக்கு வாங்கி வீட்டுக்கல்வி

2003இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி, ஆறு வயதுக்கு மேல் பதினைந்துக்குக் கீழ் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் தொடக்கப்பள்ளிக்குப் போயாக வேண்டும். வீட்டுக்கல்விக்குக் கல்வி அமைச்சிடம் பாடத்திட்டத்தோடு விண்ணப்பித்து விலக்கு வாங்க வேண்டும். வெளிநாட்டு இணையப் பள்ளியில் சேர்த்தாலும் இந்த விலக்கு தேவை. விலக்கு கிடைத்தாலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். நான்கு பாடங்களையும் எழுதும் மாணவர்களின் வரிசையில் 33ஆவது விழுக்காட்டு நிலையையாவது எட்ட வேண்டும், அதாவது நூறு பேரில் ஏறக்குறைய 33 பேரையாவது முந்த வேண்டும். பள்ளி மாணவருக்கு இப்படி ஓர் எல்லை இல்லை. கீமோதெரபியிலிருந்து மீளும் பிள்ளையின் தலையில் இதை எதற்காக ஏற்ற வேண்டும்? பல ஆண்டுகள் நீளும் நோயும், முழுநேரம் சொல்லித்தரும் பெற்றோரும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

தமிழை விட்டுவிடலாமா?

சுமையைக் குறைக்கலாம் என்று எல்லாரும் முதலில் கை காட்டும் பாடம் தமிழ்தான். அதற்கு உண்மையான காரணமும் உண்டு. பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குத் தனியாகப் போக வேண்டும். களைத்த உடம்புக்கு இன்னொரு பயணம், இன்னொரு கூட்டம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தாய்மொழி விலக்குப் பெற்ற பிள்ளைக்கு பிஎஸ்எல்இயில் மற்ற மூன்று பாட மதிப்பெண்களை வைத்து ஒரு நிலை ஒதுக்குவார்கள். பிஎஸ்எல்இயில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல்1 (மிக உயர்ந்தது) முதல் ஏஎல்8 வரை நிலைகள் உண்டு. ஒதுக்கப்படும் நிலை ஏஎல்6 முதல் ஏஎல்8 வரைதான் இருக்கும். ஏஎல்6 என்பது 45 முதல் 64 மதிப்பெண். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பாட்டியிடம் கதை கேட்டு வளரும் பிள்ளை, பாதி வகுப்புகளை விட்டிருந்தாலும் 65ஐத் தாண்ட வாய்ப்புண்டு. தாண்டினால் ஏஎல்5, அதாவது விலக்கில் கிடைக்கும் மிக நல்ல நிலையைவிட ஒரு படி மேல். நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டித்தான் உயர்நிலைப்பள்ளி இடம் முடிவாகிறது என்பதால் இது சிறிய வித்தியாசம் இல்லை. படுக்கையிலேயே தினம் பத்து நிமிடம் உரக்க வாசிப்பதும் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதும் வாய்மொழித் தேர்வுக்கான நேரடிப் பயிற்சி. எழுத்துப் பயிற்சியைக் கைக்குத் தெம்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சையோடும் தேர்வோடும் பொருத்துவது

சிறுநீரக நோயில் சிகிச்சை முறையே பள்ளி நாளைத் தீர்மானிக்கும். ரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வயிற்று வழி டயாலிசிஸை இயந்திரத்தில் இரவு தூங்கும்போதே செய்துவிடலாம், பகல் பள்ளிக்கு மிஞ்சும். மருத்துவக் காரணங்கள்தான் முதலில் வரும். இரண்டும் சாத்தியம் என்றால் பள்ளி நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து கை நரம்புகளைப் பலவீனமாக்கலாம். பென்சில் பிடி தளர்ந்து, விடை தெரிந்தும் எழுதி முடிக்க முடியாமல் போகும். இதைச் சோம்பல் என்று நினைத்துக் கண்டிப்பவர்கள் உண்டு, அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கூடுதல் நேரம், தனி அறை, இடையில் ஓய்வு போன்ற தேர்வு ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகத் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்திடம் விண்ணப்பிக்கலாம். பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு ஆகஸ்டிலேயே வந்துவிடும். அதனால் தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே, முடிந்தால் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே, மருத்துவ அறிக்கையைப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.

திரும்பும் முதல் இரண்டு வாரம் இடைவேளை வரைக்கும் போதும். மாடி ஏற முடியாவிட்டால் வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவோ மின்தூக்கியைப் பயன்படுத்தவோ முன்கூட்டியே கேளுங்கள். சின்னம்மையோ தட்டம்மையோ வகுப்பில் யாருக்காவது வந்தால் அன்றே தொலைபேசியில் சொல்லும்படி வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். நோய் தொற்றாமல் காக்க மருத்துவர் தரும் மருந்தைச் சில நாள்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.