20 வாட்டா, 60 வாட்டா: வீட்டு அலங்காரத்துக்கு எந்த க்ளூ கன்?

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்தக் கைவேலையும் ஒரே மூச்சில் முடியாது. குக்கர் விசில் அடிக்கும், ஸ்கூல் வேன் வந்து நிற்கும், தண்ணீர் கேன்காரர் பெல் அடிப்பார். இப்போது கால் மணி நேரம், மதியம் இருபது நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் வேலை நகரும். அதனால் க்ளூ கன் (பசைக் குச்சியை, அதாவது ஸ்டிக்கை, சூட்டில் உருக்கி ஒட்டும் கருவி) வாங்கும்போது, பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால், பெங்களூரு வீடுகளில் வரமகாலட்சுமி பூஜை தொடங்கி நவராத்திரி கொலு, சீர்வரிசைத் தட்டு, ஸ்கூல் ப்ராஜெக்ட் வரைக்கும் சுவிட்ச் வைத்த 20 வாட் சின்ன கன் ஒன்றே போதும். கடைக்காரர் 60 வாட்டைத்தான் எடுத்து நீட்டுவார். அதற்கும் வேலை உண்டு, ஆனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான்.

சின்ன கன்னில் 7 மி.மீ. ஸ்டிக் போகும். 60, 100 வாட் கன்களில் 11 மி.மீ. ஸ்டிக். பார்க்க இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே நீள ஸ்டிக்கில் பெரியதில் இருக்கும் பசை சின்னதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 20 செ.மீ. நீளமுள்ள சின்ன ஸ்டிக்கில் 3 மி.மீ. தடிமனில் கோடு போட்டால் ஒரு மீட்டர் வரும். பெரிய ஸ்டிக்கில் இரண்டரை மீட்டருக்கு மேல் வரும். லேஸ், மணி, துணிப்பூ ஒட்டுகிற வேலைக்கு மெல்லிய கோடுதான் வேண்டும். பெரிய கன்னில் ட்ரிக்கரை லேசாகத் தொட்டாலே கொட்டிவிடும். லேஸின் ஓட்டை வழியாகப் பசை மேலே பிதுங்கி வந்து அந்தத் தட்டின் அழகே போய்விடும்.

வாட் கூடினால் சூடும் அதே அளவுக்குக் கூடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஹீட்டர், வேண்டிய சூடு வந்ததும் தானாகவே கரண்ட் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும் வகை. கூடுவது முக்கியமாக உருக்கும் வேகம்தான். நிறுத்தாமல் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே போகிற வேலையில், உதாரணமாகக் கொலுவுக்கு அட்டையில் கோயில் கோபுரமோ, மரக்குச்சியில் பார்க் வேலியோ கட்டும்போது, 20 வாட் பின்தங்கிவிடும். நாலு அழுத்து அழுத்தினால் ஐந்தாவதுக்கு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அங்கேதான் 60 வாட் தேவைப்படுகிறது.

இனி அந்த எழுந்து போகிற விஷயம். ப்ளக்கில் போட்டு ஐந்து நிமிடத்தில் சின்ன கன் தயார். சூடான நிலையில் சும்மா வைத்தால் எந்த கன்னும் நுனியில் சொட்டும். பெரிய கன்னின் உள்ளறையில் உருகிய பசை அதிகம், அதனால் பத்து நிமிடத்தில் கீழே ஒரு சின்னக் குட்டையே தேங்கிவிடும். சின்னதில் இரண்டு மூன்று சொட்டோடு நிற்கும். அரை மணிக்கு மேல் சூட்டிலேயே விட்டால் எந்த கன்னிலும் பசை பழுப்பு நிறமாகி, தீய்ந்த வாடை வந்து, பிடிமானம் போய்விடும். விலை குறைந்தவற்றில் தானாக அணையும் வசதி கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் அணைத்துவிட்டு எழுந்திருங்கள். முழுக்க ஆறியிருக்காது, திரும்ப வந்து போட்டால் சீக்கிரமே உருக ஆரம்பித்துவிடும். இதனால்தான் கன்னிலேயே சுவிட்ச் வேண்டும் என்று சொல்வது. சுவிட்ச் இல்லாதது கைவசம் இருந்தால், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தனி சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

எல்லா கன்னிலும் கூடவே வரும் கம்பி ஸ்டாண்ட் ஒரு குறைதான். வயர் லேசாக இழுபட்டாலே சாய்ந்துவிடும். ஒரு தரை டைல் துண்டையோ பழைய எவர்சில்வர் தட்டையோ அடியில் வைத்து, வயரை மேஜைக் காலோடு ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். குழந்தை தடுக்கினால் இழுபடுவது மேஜைக்காலாக இருக்கும், கன் மடியில் வந்து விழாது.

கன்னைவிட ஸ்டிக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நல்ல ஸ்டிக் அரைவெள்ளையாக, ஒரே சீராக இருக்கும். வளைத்தால் ரப்பர் போல வளைந்து திரும்பும். மட்டமானது வளைக்கும்போதே வெளிறி முறியும். விரலில் மாவு போல ஒட்டும். அப்படிப்பட்டது ஒட்டிய அன்றைக்கு நன்றாக இருந்தாலும் ஒரு வாரத்தில் மணிமணியாக உதிரும். மினுமினுப்புப் பொடி கலந்த ஸ்டிக்கைப் போட்டால் பொடி நுனியில் தங்கி, அடுத்து போடும் வெள்ளை ஸ்டிக்கிலும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். அதைக் கடைசி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீர்த்தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 12 அங்குலத் தட்டின் சுற்றளவு 96 செ.மீ. கிட்ட வரும். லேஸ் ஒரு மீட்டருக்குச் சற்று மேலேயே வாங்குங்கள், சின்ன ஸ்டிக் இரண்டு எடுத்து வையுங்கள். எவர்சில்வர் தட்டு என்றால் இங்கேதான் சிக்கல். உலோகம் பசையின் சூட்டைத் தொட்டவுடனே உறிஞ்சிவிடும். பசை தட்டில் படிவதற்கு முன்பே உறைந்து, மறுநாள் லேஸ் முழு வளையமாகக் கழன்று கையில் வரும். எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஓரத்தை ஹேர் ட்ரையரால் அரை நிமிடம் சூடாக்கிவிட்டு ஆரம்பித்தால் பிடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கோடு, உடனே லேஸ், பிறகு அடுத்த இரண்டு அங்குலம். கைவசம் இருப்பது இருபது முப்பது வினாடிதான். ஆசைப்பட்டு நீளமாகக் கோடு போட்டால் பாதி உறைந்து போயிருக்கும். விரலால் அழுத்தாதீர்கள், ஈரம் தொட்ட ஐஸ்க்ரீம் குச்சியால் அழுத்துங்கள், பசை குச்சியில் ஒட்டாது. லேஸ் முனைகளை அரை அங்குலம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, அந்த இணைப்பு மேல் ஒரு துணிப்பூவை வைத்துவிட்டால் தெரியாது.

விசேஷம் முடிந்து தட்டு பழையபடி வேண்டும் என்றால் ஃப்ரீஸரில் கால் மணி நேரம் வைத்தால் போதும், பசை கெட்டியாகி நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். மிச்சத்தை சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். அடுப்பும் கன்னும் அணைந்திருக்கும்போது மட்டும் துடையுங்கள், ஏனென்றால் ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும்.

எங்கே இந்தப் பசை ஆகவே ஆகாது என்று தெரிந்துகொள்வது எந்த கன் வாங்கினாலும் உதவும். தெர்மகோலில் நேரடியாக வைத்தால் குழி விழும். அதற்கு ஃபெவிகாலே நல்லது, காய ஓர் இரவு விட்டால் போதும். அவசரமென்றால் பசையை ஒட்ட வேண்டிய பொருளின் மேல் வைத்து, பதினைந்து வினாடி ஆறவிட்டு, பிறகு தெர்மகோலில் அழுத்தலாம். இன்ஸ்டன்ட் பசை தெர்மகோலை அரித்தே விடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆரத்தித் தட்டில் விளக்கு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் க்ளூ கன் வேண்டாம். இந்தப் பசை 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், தீபத்தின் பக்கத்துப் பூ மெல்லச் சரியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் ப்ராஜெக்ட் மாடலும் அப்படித்தான் சாயும்.

சில்க் த்ரெட் வளையல், ஜிமிக்கி செய்பவர்களுக்கு இது உதவாது. நூலின் மேல் குந்தன் கல் வைக்கும்போது ஓரத்தில் மேடு தட்டும், அந்தக் கல்லும் ஒரு தட்டு தட்டினால் தெறிக்கும். நூல் சுற்றவும் கல் பதிக்கவும் ஃபேப்ரிக் க்ளூ, கம்மலின் பின்பக்கத் தண்டு ஒட்ட பி-7000 என்ற வகைப் பசை. இரண்டுக்கும் ஒரு நாளாவது காய விட வேண்டும். ரவிக்கையில் லேஸ் ஒட்டுவதும் கூடாது, அயர்ன் பட்டதும் உருகித் துணியில் கறையாக இறங்கும். ஒரு நாள் போடுகிற ஃபேன்ஸி டிரஸ்ஸுக்குப் பரவாயில்லை.

ரிப்பேர் என்று வருபவற்றில் பெரும்பாலானவை நாமே வரவழைப்பவை. பாதி ஸ்டிக்கைப் பின்பக்கமாக இழுத்து எடுக்கவே கூடாது. உருகிய பசை நூலாக உள்ளே போய் ட்ரிக்கர் பற்களில் உறைந்துவிடும், அதோடு அந்த கன்னின் கதை முடிந்தது. நிறம் மாற்ற வேண்டுமானால் அடுத்த ஸ்டிக்கைப் பின்னாலிருந்து சொருகி, பழையதை முன்னால் தள்ளிச் செலவழியுங்கள். 11 மி.மீ. கன்னில் 7 மி.மீ. ஸ்டிக்கைப் போட்டாலோ, அளவு குறைந்த மட்ட ஸ்டிக்கைப் போட்டாலோ பசை பின்னோக்கி வழியும். ட்ரிக்கர் இறுக்கமாக இருந்தால் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். பலம் கொடுத்து அழுத்தினால் உள்ளே ஸ்டிக்கைக் கவ்வும் பிளாஸ்டிக் பல் உடையும். சிலந்தி நூல் போல இழை வருவதைக் குறைக்க, கோடு முடியும் இடத்தில் ட்ரிக்கரை விட்டு, நுனியைப் பொருளிலேயே ஒரு சின்னச் சுழற்று சுழற்றி எடுங்கள். மிஞ்சிய இழைகளை ஹேர் ட்ரையர் சூட்டில் காட்டினால் சுருங்கிக் காணாமல் போகும்.

பத்து வயதுக்குக் கீழே கன்னைக் கையில் கொடுக்க வேண்டாம். "லோ டெம்ப்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தும் கொடுக்க வேண்டாம், அதுவும் கொதிக்கும் தண்ணீரைவிட சூடு. குழந்தை இடத்தைக் காட்டட்டும், பொருளை வைக்கட்டும், பசையை நீங்கள் விடுங்கள். தோலில் பட்டுவிட்டால் பசையைப் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, பசை ஒட்டியே இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

விலை, 20 வாட் சுமார் 150 முதல் 300 ரூபாய், 60 வாட் 350 முதல் 600 வரை. பக்கத்து ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். ஸ்டிக் மொத்தமாக வேண்டுமென்றால் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள், அவென்யூ ரோடும் நடந்து போகிற தூரம்தான். லேஸும் துணிப்பூவும் சிக்பேட்டையிலேயே முடித்துக்கொள்ளலாம். கன்னைக் கடையிலேயே ப்ளக்கில் போட்டு ஐந்து நிமிடம் பார்த்து வாங்குங்கள். சுவிட்ச் லைட் எரிகிறதா, நுனியின் மேல் ரப்பர் உறை இருக்கிறதா, பின்னால் வழிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வயர் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.