பெரியவர்கள் பேச்சா, சமரச மையமா?

பிரிவது என்று முடிவான பிறகு, ஏழு வயது மகனைப் பற்றி நானும் கணவரும் இரண்டு இடங்களில் பேசினோம். முதலில் கோபியில் மாமனார் வீட்டுத் திண்ணை. அப்புறம் கோவை நீதிமன்ற வளாகத்துச் சமரச மையம்: வாதாடாமல், நடுநிலையான ஒருவர் முன் பேசித் தீர்க்கும் இடம்.

திண்ணையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் முடிந்தது. மையத்தில் மூன்று மாதம் இழுத்தது. இருந்தும் என் ஓட்டு மையத்துக்குத்தான்.

திண்ணையில் பவுன் கணக்கே சாயங்காலம் வரை ஓடியது. பையன் பேச்சு வந்ததும், "அவனையே கேட்டுரலாம்" என்றார் ஒருவர். "கண்ணு, நீயி ஆருகூட இருக்கறே?" அவன் அப்பத்தா சேலையைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. கடைசியில் "மாசம் ரெண்டு தடவை அப்பன் கூட்டிட்டுப் போகட்டும்" என்று முடித்தார்கள். எந்த வாரம், யார் கொண்டுவந்து விடுவது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்கே சண்டை. "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு" என்று அவனிடமே சொல்லி அனுப்பியவள் நான்தான்.

மையத்தில் எங்களைத் தனித்தனியாகவும் உட்காரவைத்துப் பேசினார்கள். அங்கே பேசுவதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்பதால் என் தப்பையும் ஒப்புக்கொள்ள முடிந்தது. கடைசியில் எல்லாம் தாளில் வந்தது: இரண்டாம், நான்காம் சனி காலை 10 மணி, அன்னூர் பஸ் ஸ்டாண்ட். கோபி பக்கத்துப் பாரியூர் கோயில் குண்டம் திருவிழாவுக்கு அப்பாவுடன். பட்டிப்பொங்கல் ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. ஃபீஸ் நேராகப் பள்ளிக் கணக்குக்கு. மாற்றம் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப். பையன் வழியாக ஒரு சொல்லும் போகக் கூடாது.

இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கும் பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அதைத் தளர்த்த நீதிபதிக்கு இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்கவில்லை. தாளில் எழுதியதை ஓட்டிப் பார்க்க அந்த ஆறு மாதம் தேவைப்பட்டது. திரும்பக் கொண்டுவந்து விடும் நேரத்தைக்கூட அதில்தான் மாலை 5 என்று மாற்றினோம்.

அடி உதை இருந்த வீடு என்றால் எதிரெதிரே உட்காரச் சொல்ல எனக்கு வாய் வராது. கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா என்பதும் எனக்குப் பழக்கமில்லாத விஷயம். எங்களுக்கே இரண்டு வருஷம்தான் ஆகிறது.

பெரியவர்களை முழுக்க ஒதுக்கவும் இல்லை. அன்னூருக்குப் பையனை அழைத்து வருவது பெரும்பாலும் மாமனார்தான். தூக்குப்போசியில் முறுக்கைக் கொடுத்து, "பஸ்ஸுல கூட்டமா சாமி?" என்பார். வேறெதுவும் கேட்பதில்லை.