மனநல நீதிமன்றமா, நன்னடத்தை அலுவலரா?

அமெரிக்காவில் மனச்சிதைவு நோய் உள்ள ஓர் இளைஞர், கடையில் ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு காசு கொடுக்காமல் வெளியே வந்து மாட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுகிறார்கள். மாதாமாதம் ஆஜராக வேண்டும், வேலை தேட வேண்டும், கண்காணிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், கூப்பிட்டால் சிறுநீர்ச் சோதனைக்குப் போக வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஆஜராகவில்லை. அலுவலகத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸிலேயே காதுக்குள் குரல்கள் மிரட்டத் தொடங்கிவிட்டன. பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்ன நடக்கிறது? மனநல நீதிமன்றமா, நன்னடத்தை அலுவலரா, எந்த வழி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

வழக்கமான கண்காணிப்பில் ஓர் அலுவலர் தலையில் 100 பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். வராதவரைத் தேடிப் போக அவருக்கு நேரம் ஏது? நிபந்தனையை மீறினார் என்று அறிக்கை போகும், பிடிவாரண்ட் வரும். சிறைக்குள் போனதும் பல மாநிலங்களில் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிறுத்திவைக்கப்படும். வெளியே சாப்பிட்டுவந்த மாத்திரையே உள்ளேயும் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. புதிதாக ஒரு குற்றமும் செய்யாத மனிதர் நோய் முற்றித் திரும்பி வருகிறார். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை.

மனநோய் உள்ளவர்களின் வழக்குகளைச் சிகிச்சையோடு சேர்த்துக் கவனிக்கும் மனநல நீதிமன்றம் பிறந்ததே இந்தச் சுழலை உடைக்கத்தான். 1997இல் புளோரிடாவின் பிரோவர்ட் கவுண்டியில் நீதிபதி ஜிஞ்சர் லெர்னர்-ரென் இதைத் தொடங்கினார். ஆரம்பத்தில் தனி நேரம் கூட ஒதுக்க முடியாமல் மதிய உணவு இடைவேளையில் நடத்தினார். 2000இல் இத்தகைய நீதிமன்றங்களுக்கு உதவ நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. இன்று நாடு முழுக்க 300க்கும் மேல் இருக்கின்றன.

இங்கே அதே இளைஞர் வராமல் போனால் நீதிபதி, அரசு வக்கீல், அவருடைய வக்கீல், சிகிச்சையைக் கவனிக்கும் பணியாளர் எல்லோரும் விசாரணைக்கு முன்பே உட்கார்ந்து பேசுகிறார்கள். மாத்திரை மாறியதா? பஸ்தான் பிரச்சினையா? தங்க இடம் இருக்கிறதா? அடுத்த முறை அவர் வந்து நிற்கும்போது நீதிபதி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன வாரம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். திட்டத்தை முடித்தவருக்குச் சான்றிதழ் கொடுத்து, கோர்ட் அறையே எழுந்து கைதட்டும் வழக்கமும் உண்டு. கைவிலங்கோடு மட்டுமே கோர்ட்டைப் பார்த்த ஒருவருக்கு அந்தக் கைதட்டல் சின்ன விஷயமில்லை.

பலனும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ மனநல நீதிமன்றத்தைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், 18 மாதத்தில் புதுக் குற்றச்சாட்டு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட அங்கே சேர்ந்தவர்களுக்குச் சுமார் 26 சதவீதம் குறைவு. வன்முறைக் குற்றச்சாட்டில் 55 சதவீதம் குறைவு.

ஆனால் இந்த வாசலில் நுழைய ஒரு விலை உண்டு. எல்லா ஊரிலும் ஒரே விதி இல்லை என்றாலும், பல இடங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2002இல் தொடங்கிய புரூக்ளின் மனநல நீதிமன்றத்தில் அப்படித்தான். தவறினால் எத்தனை காலம் சிறை என்பதையும் ஒப்புக்கொள்ளும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். நல்லபடியாக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம், அல்லது குற்றச்சாட்டு குறையலாம். விருப்பப்பட்டுச் சேர்வது என்றுதான் இதைச் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் சிறையறையில் கிடந்து, குரல்களோடு போராடிக்கொண்டிருப்பவர் போடும் கையெழுத்தில் விருப்பம் எவ்வளவு என்று யார் அளப்பது? இன்னொன்றும் உண்டு. 30 நாள் சிறையோடு முடிந்திருக்க வேண்டிய சிறு திருட்டுக்கு ஒரு வருடம் நீதிபதியின் கண்காணிப்பில் இருக்க நேரலாம்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நன்னடத்தைத் துறைக்குள்ளேயே மனநோய் உள்ளவர்களை மட்டும் கவனிக்கும் அலுவலர்களை வைப்பது. ஓர் அலுவலருக்குச் சுமார் 50 பேர்தான். பயிற்சி உண்டு, மருத்துவரோடு நேரடித் தொடர்பு உண்டு. செவ்வாய்க்கிழமை வரவில்லையா? மதியத்துக்குள் போன் வரும். “என்னாச்சு தம்பி, நாளைக்கு நான் கிளினிக்குக்கே வந்துடறேன், அங்க பார்க்கலாம்” என்ற தொனியில் பேசுவதுதான் அவர் வேலை. வாரண்ட் கடைசி ஆயுதம்.

ஜெனிஃபர் ஸ்கீமும் சக ஆய்வாளர்களும் மனநோய் உள்ள 359 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கைதாகும் வாய்ப்பு வழக்கமான கண்காணிப்பில் 51.8 சதவீதம், இந்தத் தனிக் கண்காணிப்பில் 28.6 சதவீதம். ஒரே ஒரு தனிப்பிரிவை ஒரே ஒரு வழக்கமான துறையோடு வைத்துப் பார்த்த ஆய்வு இது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அந்த இடைவெளி பெரிது. இதற்காகப் புதிதாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், கோர்ட் படி ஏறவும் வேண்டாம்.

ஏற்கெனவே கண்காணிப்பில் இருப்பவருக்கு, அதுவும் சிறு குற்றம் என்றால், நான் தனி அலுவலரையே முதலில் தேடச் சொல்வேன். பல வருடச் சிறை காத்திருக்கும் பெருங்குற்ற வழக்கு என்றால் கதை வேறு. அங்கே சிறைக்குப் பதில் சிகிச்சை என்று அரசு வக்கீலைச் சம்மதிக்க வைக்க நீதிபதி இருக்கும் மேடை வேண்டும். அந்த இடத்தில் மனநல நீதிமன்றத்துக்கு ஈடில்லை.

இரண்டிலும் ஒரே ஓட்டை. நீதிபதி சிகிச்சைக்கு உத்தரவிடலாம், மருத்துவமனையில் இல்லாத படுக்கையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. அதனால் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால், கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் கேளுங்கள்: இதில் சேராவிட்டால் எத்தனை நாள்? சேர்ந்தால் எத்தனை மாதம்? ஒருநாள் வர முடியாமல் போனால் முதலில் யார் போன் செய்வார்?